நீ எறிந்ததை நான் முடித்தேன்

நேற்று லண்டன் லூயிஷாமில் பஸ் ஏறியபோது நல்ல மழை. யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. எனக்கு முன்னால் இருந்த பெண் நனைந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி மடியில் வைத்தாள். பஸ்ஸின் வெக்கையில் அதிலிருந்து மணம் எழும்பத் தொடங்கியது. ஈரக் கம்பளி மணம். நனைந்த நாய் மாதிரியும் இருக்கும், பழைய சாக்கு மாதிரியும் இருக்கும். வீதி முழுக்க வாகனம், பஸ் அசையவில்லை. இறங்கிப் போகவும் இடமில்லை. இருபது நிமிடம் அந்த மணத்துக்குள் இருந்தேன். அந்த இருபது நிமிடமும் நான் பஸ்ஸில் இல்லை, உன்னோடு அந்த வீட்டுப் படியில் இருந்தேன்.

நீ போய் ஒரு வருஷமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே நினைக்கிறேன். உனக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத வராது. அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

எண்பத்தேழு மார்கழியில் நான் அந்த வீட்டுக்கு வந்தேன். மூன்று மாடி, ஐந்து அறை, ஒரே ஒரு குளியலறை. எங்களுக்கு முதலாம் மாடியில் பின்னறை. என் கணவருக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் எழும்புவார். கட்டிலும் அலுமாரியும் போக அந்த அறையில் மிஞ்சியது ஒரு ஆள் நிற்கும் இடம். நான் பெட்டியைத் திறந்தால் அவர் விழிப்பார். கோப்பையை வைத்தால் விழிப்பார். "நீ ஒண்டும் செய்யாமல் இரு, அது காணும்" என்பார். கோபத்தில் அல்ல, கெஞ்சிக் கேட்பது மாதிரி. வெளியே போகலாம்தான். ஆனால் எங்கே போவது? குளிர் காதைக் கடித்தது. என் ஆங்கிலத்தைக் கடைக்காரனே விளங்கிக்கொள்ளவில்லை. குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் இருந்து கடிதம் வரும்வரை வேலைக்கும் போக முடியாது. காலை ஏழு முதல் பின்னேரம் மூன்று வரை என் நாளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கம்பளி நூலையும் ஊசிகளையும் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் இருந்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நீ மேலே இருந்து இறங்கி வந்தாய். உன் கையிலும் ஊசியும் நூலும். நீ ஊசியைப் பென்சில் மாதிரிப் பிடித்திருந்தாய்.

"உமக்கு இது வருமோ?" என்று கேட்டாய். அப்போது இன்னும் 'நீ' வரவில்லை.

"வரும்."

"அப்ப சொல்லும். எண்பது கண்ணி போட்டுத் துவங்கினனான். இப்ப எழுபத்தாறு இருக்கு. நாலு கண்ணி எங்கை போச்சுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணி என்பது ஊசியில் விழுகிற சின்னச் சின்ன வளையம். ஒன்று நழுவினால் கீழே கீழே அவிழ்ந்துகொண்டே போகும். உன் பின்னலில் நாலு இடத்தில் ஏணி மாதிரி ஓட்டை விழுந்திருந்தது. நீயும் சிரித்தாய். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டாய்.

உன் கதையை அந்தப் படியில் இருந்தபடிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிற வேலை உனக்கு. கல்யாணம் முடிந்து நாற்பது நாளில் இருவரும் ஒன்றாகத்தான் புறப்பட்டீர்கள். பாங்கொக்கில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் பெண்களை முதலில் அனுப்பினான். "ரெண்டு கிழமையில வந்திடுவன்" என்று உன் கணவர் சொன்னார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நான் உன்னைக் கண்டபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய தமக்கை, உன் மச்சாள், மேல்மாடியில் குடும்பத்தோடு இருந்தா. அரிசி மூட்டைகளும் பழைய பெட்டிகளும் வைத்திருந்த சின்ன அறையில் உனக்கு ஒரு மடக்குக் கட்டில் போட்டிருந்தார்கள்.

சாம்பல் நீல நூல் பன்னிரண்டு பந்து வாங்கித் தந்தது மச்சாள்தான். "தம்பி வரேக்க குளிராத்தான் இருக்கும். நீ சும்மா இருக்கிற நேரத்தில ஒரு சுவெட்டர் பின்னி வை" என்றா. உனக்குப் பின்னத் தெரியுமா, பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

உனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் நீ செய்த முதல் வேலையைப் பார்த்து நான் அசந்துபோனேன். சதுரக்கோட்டுத் தாள் ஒன்றில் சுவெட்டரின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து எல்லாவற்றையும் அளவோடு கீறியிருந்தாய். ஒரு சதுரத்துக்கு ஒரு கண்ணி. அச்சில் வந்த படம் மாதிரி இருந்தது. "படத்தில எல்லாம் சரி. கையிலதான் பிழைக்குது" என்றாய்.

கையில் மட்டும் பிழைக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் மச்சாள் பின்னலை வாங்கி, கையை விரித்து அளந்து பார்ப்பா. "இது அவனுக்குக் காணாது. தம்பிக்கு அகலமான தோள்" என்பா. நீ அவிழ்ப்பாய். பெரிதாகப் பின்னுவாய். "இதென்ன சாக்கு மாதிரி? அவன் மெலிஞ்ச பெடியன்" என்பா. மறுபடி அவிழ்ப்பாய். தம்பியை அவ பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நீ அறிந்தது நாற்பது நாள். இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்களுக்கு ஒரே சுவெட்டரைப் பின்னிக்கொண்டிருந்தீர்கள். அவிழ்த்த நூல் சுருண்டு சுருண்டு கிடக்கும். அதை நேராக்கக் குளியலறைத் தொட்டியில் நனைத்து, படியின் கைப்பிடியில் தொங்கவிடுவோம். அந்த மாரி முழுக்க எங்கள் படிக்கட்டில் அந்த மணம்தான்.

ஐந்தாம் தரம் அவிழ்த்த அன்று நீ நூலைச் சுற்றாமல் மடியில் போட்டுக்கொண்டு இருந்தாய்.

"எனக்கு அவற்ற தோள் மறந்து போச்சு" என்றாய்.

நான் என் பின்னலைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன்.

"உண்மையாத்தான். நேற்று கண்ணை மூடிப் பாத்தன். முகம் வருது. குரலும் வருது. தோள் எவ்வளவு எண்டு வரேல்லை. இனி நான் ஆருக்குப் பின்னிறன்?"

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "தா, நான் சுற்றித் தாறன்" என்று நூலை வாங்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் டூட்டிங்கில் ஒருவர் இருப்பதாகத் தகவல் வந்தது. பாங்கொக்கிலிருந்து உன் கணவரோடு சேர்ந்து புறப்பட்டவர். நீ மச்சாளிடம் சொல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். ஒரு மளிகைக் கடையின் பின்பக்கம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, நின்றபடியே கதைத்தோம். அந்த மனிதர் நல்லவர். உன் முகத்தைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு எல்லையில் இரண்டு லொறி. இவர் ஏறிய லொறி வந்து சேர்ந்தது. மற்றது வரவில்லை. அதில் இருந்த யாரையும் அதற்குப் பிறகு யாரும் காணவில்லை.

"நான் செத்ததைக் காணேல்லைத் தங்கச்சி. அதால செத்திட்டார் எண்டு சொல்ல மாட்டன்" என்றார். "ஆனா ஒண்டரை வருஷம்."

திரும்பி வரும் வழியில் நீ அழவில்லை. பசிக்கிறது என்றாய். ஸ்டேஷன் வாசலில் இருவரும் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தின்றோம். வீட்டுக்கு வந்ததும் நேராக மேலே போனாய். பின்னலை ஊசியோடு எடுத்து வந்தாய். முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்து, ஒரு கையும் முடிந்து, மற்றக் கை பாதியில் நின்றது. குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்த கறுப்புக் குப்பைப் பையைத் திறந்து, உருளைக்கிழங்குத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் மேல் போட்டு, கையால் அமுக்கி, வாயைக் கட்டினாய். கையைக் கழுவினாய்.

"தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டாய். உன் முகத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. அதை நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். அதிர்ச்சி என்று நினைத்தேன். நாளைக்கு அழுவாள், எறிந்ததை நினைத்துத் தவிப்பாள் என்று நினைத்தேன்.

நீ மேலே போன பிறகு பையை அவிழ்த்து அதை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். உனக்காக என்று அப்போது நம்பினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் எதுவுமே முடியவில்லை. எங்கள் கடிதம் வரவில்லை. ஊரில் சண்டை முடியவில்லை. காலை ஏழு மணி முடிந்து மூன்று மணி வருவதே பெரும்பாடு. என் கையால் முடிக்கக் கூடியது பின்னல் ஒன்றுதான். பாதியில் நின்ற ஒரு கையைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. தேயிலைக் கறையைக் கழுவினேன். என் கணவர் தூங்கும்போது குளியலறையைப் பூட்டிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் இருந்து பின்னினேன். மூன்று கிழமையில் கழுத்தும் வைத்துத் தைத்து முடித்தேன். இரண்டு கையும் ஒரே நீளம். வடிவான சுவெட்டர். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை மடித்துக் குசினி மேசையில் வைத்தேன். நீ சந்தைக்குப் போயிருந்தாய். திரும்பி வந்ததும் உன்னிடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் மச்சாள் முதலில் வந்துவிட்டா. அதை விரித்துப் பார்த்தா. தோளை அளக்கவில்லை, கையை அளக்கவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. நீ கதவைத் திறந்துகொண்டு மரக்கறிப் பையோடு வந்து நின்றாய்.

"முடிச்சிட்டியே பிள்ளை" என்றா மச்சாள். "இனிப் பின்ன மாட்டன் எண்டு நீ சொன்னனீ. எனக்குச் சொல்லாமல் முடிச்சு வைச்சிருக்கிறாய். உன்ர மனசு எனக்குத் தெரியும். அவன் வந்திடுவான்."

நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். "நான்தான் முடித்தேன்" என்று சொல்வதற்கு எனக்கு வாய் இருந்தது. மச்சாள் அழுதுகொண்டிருந்தா. நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் படியில் என்னை மறித்தாய்.

"ஏன் எடுத்தனீ?"

"வீணாப் போகுதே எண்டு…"

"அது வீணாப் போகத்தான் எறிஞ்சனான்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். "நாளைக்கு மச்சாளோட கதைக்க இருந்தனான். தனிய ஒரு அறை எடுக்கப் போறன், படிக்கப் போறன் எண்டு சொல்ல இருந்தனான். இப்ப எப்பிடிச் சொல்லுவன்? புருஷனுக்குச் சுவெட்டர் முடிச்சு வைச்சவள் எந்த வாயால போறன் எண்டு சொல்லுறது?"

அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. அந்தச் சின்ன வீட்டில், ஒரே குசினியில், ஒரே படியில், பதினெட்டு மாதம். நான் ஏறினால் நீ ஒதுங்கி நிற்பாய். சுவெட்டர் மேல்மாடி முன்னறையில், கதவுக்குப் பின்னால் தொங்கியது. வருகிற ஆட்களுக்கெல்லாம் மச்சாள் காட்டுவா. "இவள் அவனுக்காகப் பின்னினது" என்பா. வந்தவர்கள் உன் தலையைத் தடவுவார்கள். நீ தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடி நிற்பாய். நான் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு நான்கு சுவர் கட்டிக் கதவையும் பூட்டியது நான் என்பது ஒவ்வொரு தரமும் தெரியும். எங்கள் கடிதம் வந்தது. வேலைக்குப் போக அனுமதி கிடைத்தது. நாங்கள் வேறு வீடு பார்க்கலாம் என்று என் கணவர் சொன்னார். நான் இன்னும் கொஞ்ச நாள் என்றேன். உன்னை அங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது?

தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் ஒரு காலை. மச்சாள் குளித்துக்கொண்டிருந்தா. நான் கீழே வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன். நீ ஒரு பையோடு இறங்கி வந்தாய். காலணியைக் கையில் பிடித்திருந்தாய். என்னைக் கண்டதும் நின்றாய். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் சொல் சொன்னாய்.

"வழி விடு."

நான் கதவைத் திறந்தேன். அந்தக் கதவு எப்போதும் அடியில் உரசிச் சத்தம் போடும். மேலே இருந்து மச்சாளின் குரல் வந்தது. "ஆரது கதவு திறக்கிறது?"

"நான்தான் அக்கா. பால் போத்தில் எடுக்கிறன்" என்றேன்.

நீ போய்விட்டாய். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் மச்சாள் உன் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து, குசினியில் என் முன்னால் இருந்தா. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, அந்தச் சுவெட்டரை முடிச்சது நான். அவள் குப்பையில போட்டவள். நான்தான் எடுத்து முடிச்சனான்" என்றேன். அடிப்பா என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றா. "அவளுக்கு உப்பிடிக் கழுத்து வைக்கத் தெரியாது. கண்ட உடனை தெரியும்."

"தெரிஞ்சும் ஏனக்கா?"

நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தா. மேசையில் ஒன்றும் இல்லை. "அவளும் போனா அவன் இல்லையெண்டு ஆகிடுமே பிள்ளை" என்றா. "நான் மட்டும் தனிய எப்பிடிக் காத்துக்கொண்டிருக்கிறது?"

நான்கு வருஷம் கழித்து டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உன்னைக் கண்டேன். நீதான் என்னைக் கண்டாய். கவுன்சிலில் தெருப்படம் கீறுகிற வேலையில் இருந்தாய், தனியாக ஒரு பிளாட். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாய். "எழும்பி ஓடாதை. இரு, தோசை சாப்பிடுவம்" என்றாய். நான் அழுதேன். நீ சட்னியை என் பக்கம் தள்ளினாய். மச்சாள் சொன்னதை அன்றுதான் உனக்குச் சொன்னேன். நீ கையில் எடுத்த தோசைத் துண்டை அப்படியே வைத்துவிட்டாய்.

"அப்ப மூண்டு பேருக்குமே தெரியும்" என்றாய். "மூண்டு பேரும் வாய் திறக்கேல்லை." பிறகு கேட்டாய்: "அவ எப்பிடி இருக்கிறா?" அந்த மாதமே போய் அவவைப் பார்த்தாய். அடிக்கடி போவாய் என்று பிறகு அறிந்தேன்.

என்னை மன்னித்துவிட்டாய் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாய். புது வீட்டில் பிறந்த என் மகள் உன்னை வாசலில் கண்டால் பள்ளிக்கூடப் பையை எறிந்துவிட்டு ஓடிவருவாள். அந்த நான்கு வருஷம் எனக்குக் கிடைத்தது.

பிறகு நோய் வந்தது. முதல் சுற்று மருந்து, இரண்டாம் சுற்று மருந்து. உனக்கு நகம் கறுத்தது, நாக்கில் ருசி போனது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வருவேன். போன மாரியில், மருந்து ஏற்றும் அறைக்கு வெளியே, பெயர் கூப்பிடக் காத்திருந்தோம். நீ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். ஊசி என்றால் உனக்குப் பயம், அதனால் எப்போதும் இறுக்கித்தான் பிடிப்பாய்.

"நான் நிப்பாட்டப் போறன்" என்றாய்.

எனக்கு விளங்கியது. ஆனாலும் "எதை?" என்று கேட்டேன்.

"இதை. டொக்டரோட கதைச்சிட்டன். ஏத்தினாலும் கொஞ்ச மாசம்தான். அந்தக் கொஞ்ச மாசத்தையும் நான் இந்தக் கதிரையில இருந்து முடிக்க மாட்டன்."

இன்னும் மூன்று தரம்தான் இருந்தது. மூன்றே மூன்று. என் நாக்கு நுனியில் எல்லாம் நின்றது. இவ்வளவு தூரம் வந்திட்டாய், இன்னும் மூண்டுதானே, எனக்காக, பிள்ளைக்காக. ஒன்றையும் பாதியில் விட முடியாத நான் அங்கே இருந்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சரி" என்றேன்.

"சரியோ?"

"ஓம். சரி. வா, வீட்டை போவம்."

ஒன்பது கிழமை இருந்தாய். அதில் ஆறு கிழமை நன்றாகச் சாப்பிட்டாய்.

உன் செத்த வீட்டில் ஒரு பெண் என்னைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டாள், "நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள், ஒரு சொல்லுச் சொல்லித் தடுத்திருக்கலாமே?" பிறகு வேறு சிலரும் கேட்டார்கள். என் கணவரும் ஒருநாள் மெதுவாகக் கேட்டார். சில காலைகளில் நானே என்னைக் கேட்கிறேன். அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வர எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. கட்டில் விளிம்பில் இருந்துவிடுகிறேன்.

அப்போதெல்லாம் அன்று நீ பிடித்திருந்த இடது மணிக்கட்டை மற்றக் கையால் தொட்டுப் பார்ப்பேன். நான் சரி என்று சொன்ன உடனே உன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.